கோமளாவின் வரவேற்புப் பாட்டு

போன மாதம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய தமிழ்ச் சங்கம் கலைவிழா நடத்தப்போகிறது. விழா மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதவேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: மருத்துவ மாணவர்கள் விழா நடத்துவதில் உள்ள சவால்களும் பலன்களும்.

"ஒரு பத்து டிப்ஸ் சொன்னாப் போதும்லா, டாக்டர்," என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

என்னிடம் பத்து இல்லை. முப்பத்தோரு வருடம் மாவட்ட மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன், நூற்றுக்கணக்கான கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு விழாவுக்குத்தான் செயலாளராக இருந்தேன், அதுவும் குறித்த நாளில் நடக்கவில்லை. அவர்கள் போனபிறகு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் எனக்கு மாணவியாக இருந்த வயதிலும் இல்லை, இப்போதும் வரவில்லை.

நான் பிறந்தது கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவுக்கு ஆலையில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. தோட்டத்துப் பள்ளி, தாப்பாவில் இடைநிலைப் பள்ளி, பிறகு கோலாலம்பூரில் மருத்துவம். அந்தத் தோட்டத்திலிருந்து டாக்டருக்குப் படிக்கப்போன முதல் ஆள் நான்தான். படித்த கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான்: தூக்கம் கிடையாது, உடல்கூறு வகுப்பில் ஒருமுறை மயக்கம், மூன்றாம் வருடத்தில் வெள்ளைக் கோட்டும் அளவுக்கு மீறிய தைரியமும்.

எழுபதுகளின் கடைசி அது. நான் நான்காம் வருடம். எங்கள் சங்கத்தின் விழா ஒவ்வொரு வருடமும் கல்லூரி மண்டபத்தில் நடக்கும். அதே டாக்டர்கள், அதே மனைவிமார், அதே கைதட்டல். கூட்டத்தில் நான் எழுந்து, "இந்த வருஷம் எங்க தோட்டத்துல நடத்தலாம். காலையில உடல்நலக் கண்காட்சி, மத்தியானம் பாட்டு, நாடகம்," என்று சொல்லிவிட்டேன். மக்களிடம் போகவேண்டும் என்று பெரிதாகப் பேசினேன். உண்மையான காரணம் வேறு. எங்கள் லயத்து வீட்டு வரிசைகளில் இருக்கும் ஜனங்கள் முன்னால் நான் மேடையில் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். சங்கத் தலைவர் தியாகு கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன், தேயிலைச் செடியைப் பார்த்தது கிடையாது. அவனுக்கும் ஆசை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் ஓடாத இடமில்லை. கல்லூரியில் பேராசிரியரின் கையெழுத்து, போலீசில் ஒலிபெருக்கிக்கு அனுமதி, தோட்டத்து மேனேஜரிடம் சம்மதம். மேனேஜரைத் தோட்டத்தில் துரை என்றுதான் சொல்வோம். அவர் உடனே சரி என்றார், கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினராக வருகிறார் என்பதால். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: "டிரசர் கையெழுத்துப் போடணும்."

டிரசர் என்பது தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவ உதவியாளர். பெயர் மாணிக்கம். வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. எது சொன்னாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நேரத்தை எழுதிவிட்டுத்தான் விஷயத்தைக் கேட்பார். குரலை உயர்த்தவே மாட்டார், ஏதோ தாளில் இருப்பதை வாசிப்பதுபோலப் பேசுவார். சின்ன வயதில் எனக்கு ஊசி போட்டவர் அவர்தான். நான் டாக்டருக்குப் படிக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

விழா என்றதும் பதினேழு நிபந்தனைகள் எழுதிய தாளை நீட்டினார். கொதிக்கவைத்த தண்ணீர் எத்தனை தொட்டி, கழிவறை எத்தனை, மேடைப் பலகையில் ஆணி வெளியே தெரியக்கூடாது, இப்படி. ஒவ்வொன்றையும் செய்து முடித்துவிட்டுப் போய் நிற்பேன். அவர் நேரில் வந்து பார்ப்பார், பிறகு ஒரு கோடு போட்டு அடிப்பார். பதினேழு தடவை.

நான் பழிவாங்கினேன். நான் எழுதிய நாடகத்தில் மாத்திரை மாசிலாமணி என்று ஒரு டிரசரைச் சேர்த்தேன். கால் முறிந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அதே வெள்ளை மாத்திரையைக் கொடுத்துவிட்டு நேரத்தை எழுதிக்கொள்கிறவர். தியாகுதான் அந்த வேடம். காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் நடந்தாலே எங்களுக்குச் சிரிப்பு அடங்காது.

விழா ஞாயிற்றுக்கிழமை. ஏற்பாட்டுக்காக நாங்கள் பன்னிரண்டு பேர் வியாழனே தோட்டத்துக்கு வந்துவிட்டோம். மற்ற அறுபது பேர் ஞாயிறு விடியலில் கோலாலம்பூரிலிருந்து இரண்டு பஸ்களில் கிளம்புவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ஒத்திகை நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மாணிக்கம் நின்றுகொண்டிருப்பதைக் கண்டேன். தியாகு மாசிலாமணியாக நடந்துகொண்டிருந்தான். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. "செருப்பில்லாம மேடையில ஏறாதீங்க. இன்னும் ரெண்டு ஆணி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை. டிரசர் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குக் குழந்தைகளைப் பார்க்கப் போய்விட்டார், திரும்ப மூன்று மணியாகும். மண்டபத்தில் நான் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தேன். அப்போது அஞ்சலை அக்கா தன் மகள் கோமளாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா கொழுந்து பறிப்பவர், புருஷன் இறந்தபிறகு போன வருடம்தான் பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர். கோமளாவுக்கு எட்டு வயது. விழாவின் வரவேற்புப் பாட்டு அவளுடையது. நல்ல கணீரென்ற குரல், எதற்கும் பயப்படாத பிள்ளை.

"தொண்ட வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் அழுதுச்சு, டாக்டரம்மா. டிரசரு இல்ல. நீங்க கொஞ்சம் பாருங்களேன்," என்றார் அக்கா.

டாக்டரம்மா. அந்த வார்த்தையை முதல்முறையாக என்னிடம் சொன்னவர் அவர்தான். டார்ச்சும் ஒரு கரண்டியும் வாங்கி வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு பக்கத்து உள்நாக்குச் சதையில் வெள்ளையாக ஒரு திட்டு. காய்ச்சல் அதிகமில்லை. கழுத்து கொஞ்சம் தடித்திருந்தது. வாயில் ஒரு வாடை அடித்தது, அழுகலும் தித்திப்பும் கலந்த மாதிரி. அது என்ன வாடை என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜெனரேட்டர் ஏற்றிய லோரி வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"சாதாரண டான்சில்தான்க்கா. உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லுங்க. நாளைக்குப் பாடிடுவா," என்றேன். காய்ச்சல் மாத்திரை இரண்டு கொடுத்தேன். கோமளா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் லோரியை நோக்கி ஓடினேன்.

அது டான்சிலாக இருக்கவேண்டும் என்று நான் விரும்பினேன். வேறு எதுவாக இருந்தாலும் எனக்கு நேரமில்லை. அன்று இது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ரொம்ப நாளாயிற்று.

மாலை நான்கு மணிக்கு மருந்தகத்திலிருந்து ஆள் வந்தது. போனேன். கோமளா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சை இழுக்கும்போது மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடைக்கோடே தெரியவில்லை. கொடுத்த தண்ணீரை விழுங்க முடியவில்லை என்று அக்கா அவளை இங்கே தூக்கிவந்திருக்கிறார்.

"வா. பாரு," என்றார் மாணிக்கம். நாக்கை அழுத்தி டார்ச் அடித்தார். காலையில் நான் பார்த்த வெள்ளைத் திட்டு இப்போது சாம்பல் நிறத்தில் தோல்போலப் படர்ந்து நடு உள்நாக்கையும் பிடித்திருந்தது. பஞ்சுக் குச்சியால் ஓரத்தை மெல்லத் தொட்டார். ரத்தம் கசிந்தது.

"என்னான்னு தெரியுதா?"

தெரிந்தது. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். தொண்டை அடைப்பான், டிப்தீரியா. அந்தத் தோல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். அது ஊற்றுகிற விஷம் இதயத்தைப் பிடித்தால் தொண்டை ஆறியபிறகும் பிள்ளை போய்விடும். தொற்றுநோய் வேறு. இந்தப் பிள்ளை இரண்டு நாளாக எங்கள் ஒத்திகையில் முப்பது பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடியிருக்கிறாள்.

ஜீப்புக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அது வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் தொற்றுநோய் அறிவிப்புத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஐயா, இப்ப பேப்பரா முக்கியம்?"

"ஜீப் வர்றவரைக்கும் வேற என்னா செய்யலாம், சொல்லு. செய்யிறேன்."

அவர் எழுதினார். தடுப்பூசி என்ற இடத்தில் 'போடவில்லை' என்று எழுதிவிட்டு நிறுத்தினார். அதற்குக் கீழே எழுதினார்: 'இக்குடும்பம் சென்ற ஆண்டு வந்தது. என் பட்டியலில் சேர்க்கத் தவறிவிட்டேன்.' கையெழுத்துப் போட்டார். பிறகு தாளையும் பேனாவையும் என் பக்கம் திருப்பினார்.

"முதல்ல பார்த்தது யாரு? நேரத்த எழுது."

காலை ஒன்பதரை என்று எழுதினேன். அவர் தான் பார்த்த நேரத்தை அதன் கீழே எழுதினார். பிற்பகல் மூன்றரை. நடுவில் ஆறு மணி நேரம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

தியாகு அதற்குள் ஓடிவந்துவிட்டான். விஷயம் கேட்டதும் முகம் வெளுத்துப்போனது. "ஐயா, ஸ்வாப் எடுத்து அனுப்பலாம். ரிசல்ட் வரட்டும். அதுக்குள்ள விழாவ நிறுத்தணுமா? நாலு மாச உழைப்பு!"

"ரிசல்ட் வர ரெண்டு நாளாகும். வர்றப்ப வரட்டும். கூட்டம் கூடக்கூடாது."

"துரை ஒத்துக்கிட்டாரே? சீஃப் கெஸ்ட் வர்றாரே?"

மாணிக்கம் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் துரை கத்துவது எங்களுக்கே கேட்டது. அவர் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "சரிங்க துரை. நீங்க நடத்தச் சொன்னா நடத்தலாம். ஆனா பர்மிட்டுல என் கையெழுத்த அடிச்சிட்டு நீங்க போடுங்க," என்றார். மறுமுனையில் கத்தல் அடங்கியது. பிறகு தொலைபேசியை வைத்தார். "விழா நின்னுச்சு," என்றார் எங்களிடம்.

ஜீப் வந்தது. கோமளாவை நடக்கவிடாமல் ஒரு பலகையில் சாய்த்துத் தூக்கி வைத்தோம். தலைமாட்டில் நான், காலடியில் அக்கா. தானா ராத்தா ஊர் மருத்துவமனைவரை வளைவு வளைவாக ஏற்றம், மழை, எதிரே காய்கறி லோரிகள். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கீச்சுச் சத்தம் நின்று, மறுபடி வந்தது. நிற்கும்போதெல்லாம் நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். "நாளைக்குப் பாடிடுவான்னு சொன்னீங்களே," என்று அக்கா ஒருமுறை சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, நம்பிக்கையாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மருத்துவமனையில் எதிர்நச்சு மருந்து இருந்தது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால் தோலுக்கடியில் ஒரு துளி போட்டுவிட்டு அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும். பக்கத்து மேசையில் தொண்டையைத் திறக்கும் கத்தியும் குழாயும் தயாராக இருந்தன. அந்த அரைமணி நேரம் நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு முழு மருந்தும் ஏற்றினார்கள். கத்தி தேவைப்படவில்லை.

அங்கிருந்தே கோலாலம்பூர் விடுதிக்குப் போன் செய்து பஸ்களை நிறுத்தச் சொன்னேன். எடுத்தவள் என் வகுப்புத் தோழி. ஏன் என்று கேட்டாள், சொன்னேன். "ஐயோ! யாரு கண்டுபிடிச்சது?" என்றாள்.

"எங்க டிரசர்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா தொடங்கவேண்டிய நேரத்தில் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு டார்ச்சோடு லயம் லயமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். மாணிக்கம் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, வீட்டு எண், பெயர், வயது, தொண்டை, கழுத்து, தடுப்பூசி என்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். தோரணம் கட்டிய மேடை மழையில் நனைந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு ஆரம்ப நிலையில் நோய் இருந்ததைக் கண்டுபிடித்தோம். ஒன்றைக் கண்டுபிடித்தது தியாகு. தொண்டையைப் பார்த்தவன் நம்பமுடியாமல் மறுபடி மறுபடி பார்த்துவிட்டு, "நீ சொன்ன அந்த வாடைதான், புஷ்பா," என்று என்னிடம் ஓடிவந்தான். இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். திங்களன்று சுகாதார இலாகா ஆட்கள் தடுப்பூசியோடு வந்தார்கள். நாங்கள் வகுப்புக்குப் போகாமல் ஒரு வாரம் தங்கி ஊசி போட்டோம். கல்லூரியில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

பிறகு வேலைக்கு வந்து எத்தனையோ வருடம் கழித்து, ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் இருந்தேன். மறுநாள் எனக்கு விடுமுறை, மகளைப் பார்க்கப் போகவேண்டும். ஒருவர் நெஞ்செரிச்சல் என்று வந்தார். வாயுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாசல்வரை போய்விட்டார். வாயு என்று சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அது என்னை உறுத்தியது. ஓடிப்போய்க் கூட்டிவந்து இதயப் படம் எடுத்தேன். மாரடைப்பு. அவர் பிழைத்தார், நான் விடுமுறையில் போகவில்லை. இப்படி நான்கைந்து சொல்லலாம். நான் ஓடிப் பிடிக்காமல் விட்டவர்களும் இருப்பார்கள். அவர்களை எனக்குத் தெரியாது.

கோமளா அன்று நோய் வந்த மூன்றாம் வாரத்தில் இன்னொரு முறை எங்களைப் பயமுறுத்தினாள். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. நோயின் விஷம் மேலண்ணத்தின் நரம்பைத் தொட்டிருந்தது. குரல் முழுக்க மூக்கிலிருந்து வந்தது. போகப்போகச் சரியாகும் என்றார்கள். அதுவரை ஓடக்கூடாது, படியேறக்கூடாது.

விழாவை நாங்கள் மறந்துவிடத்தான் நினைத்தோம். ஒரு ஞாயிறு நான் ஊருக்குப் போயிருந்தபோது அஞ்சலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"டாக்டரம்மா, என் பொண்ணாலதான் விழா நின்னுச்சுன்னு லயத்துல பேசுறாங்க. பெரட்டுல நின்னா பக்கத்துல நிக்க மாட்டேங்கிறாங்க. நான் வேற தோட்டத்துக்குப் போயிடலாமான்னு பாக்குறேன்."

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடம். தினமும் அங்கே தனியாக நிற்கவேண்டும் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அவரிடம் அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றிச் சொன்னேன். காலையிலேயே நான் கண்டுபிடித்திருக்கவேண்டும், தப்பு என்னுடையது என்றேன்.

"அத விடுங்க. புள்ள இருக்கு. நீங்க விழாவ நடத்துங்க. அவ பாடட்டும்," என்றார்.

நடத்தினோம். இரண்டு மாதம் தள்ளி, பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிறு மத்தியானம். சிறப்பு விருந்தினர் இல்லை, ஒரே பஸ்தான் வந்தது. பதினேழு நிபந்தனைகளையும் மாணிக்கம் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாடகத்துல மாசிலாமணி இருக்காரா?" என்று கேட்டார்.

எனக்குக் காது சுட்டது. "எடுத்துட்டோம், ஐயா."

"ஏன்? அன்னைக்குப் பாதிதான் பார்த்தேன். காலுறைதான் தப்பு. நான் முழங்காலுக்குக் கீழ ஒரு மடிப்பு வைப்பேன்." சிரிக்காமல் சொன்னார். தியாகுவிடம் போய்ச் சொன்னேன். அவன் மாசிலாமணியைத் திரும்பச் சேர்த்தான், மடிப்போடு.

விழா தொடங்கும்போது முன்வரிசையில் அவருக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மண்டபத்துக்கு எதிரே மருந்தக வாசலில் நின்றுகொண்டிருந்தார். "கூட்டம் இருக்குற நேரத்துல ஒருத்தன் டியூட்டியில இருக்கணும்," என்றார். ஐந்து நிமிடமாவது வாருங்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் கோமளாவின் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

மூக்கால் பாடினாள். முதல் வரியிலேயே கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், வேறு யாரோ அதட்டினார்கள். நான் அங்கே ஓட ஒரு அடி எடுத்து வைத்தேன். மாணிக்கம் கையை நீட்டி என்னைத் தடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னும் மூக்குல வருது. முன்ன மாதிரி இல்ல, கொறஞ்சிருக்கு," என்றார்.

இரண்டாம் அடியில் மைக் நின்றுபோனது. ஜெனரேட்டர் இருமியது. கூட்டம் சலசலத்தது. அஞ்சலை அக்கா எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, என்ன நினைக்கிறாரோ என்று மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மைக் திரும்ப உயிர் பெற்றதும் முதலில் கேட்டது கோமளாவின் குரல்தான்:

"மைக்கு வேல செய்யல. பின்னால இருக்குறவங்களுக்குக் கேட்டிருக்காது. நான் மொதல்லேர்ந்து பாடுறேன்."

சிரிப்பு வெடித்தது. இந்தமுறை அது வேறு மாதிரிச் சிரிப்பு. பெண்கள் பக்கத்திலிருந்து, "பாடுடி, கோமளா!" என்று யாரோ கத்தினார்கள். அவள் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்து, நிறுத்தாமல், நீளமான மூன்றாம் அடியையும் ஒரே மூச்சில் இழுத்துப் பாடினாள்.

மாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "மூச்சு பத்துது," என்றார் மெதுவாக. பிறகு இன்னொரு தடவை, எனக்கல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "பத்துது," என்றார்.

பாட்டு முடியும்வரை நாங்கள் இருவரும் மருந்தக வாசலிலேயே நின்றோம். கைதட்டல் ஓய்ந்தபிறகு அவரை அழைத்துக்கொண்டு போனேன். அதற்குள் அவருடைய நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார், வாசல் பக்கம் ஒரு கண்ணோடு.